தண்ணீர் நிற்கும் அறை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். வீட்டு உள் அலங்கார வேலைக்கு ஒரு குடும்பம் மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டுப் பேசுகிறது. அதில் நம்மைத் தேர்ந்தெடுக்க வைப்பது எப்படி? கேள்வியில் தவறில்லை. வேலை வந்தால்தானே அலுவலகம் நடக்கும். நானும் தில்லைநகரில் ஒரு சின்ன அலுவலகத்தை வைத்துக்கொண்டு அதே கவலையோடுதான் காலத்தை ஓட்டினேன்.

ஆனால் ஒரு குடும்பம் என்னைத் தேர்ந்தெடுத்ததும், அதற்காகவே நான் பயந்துபோனதும் ஒருமுறை நடந்தது. ஓய்வு பெற்றுவிட்ட பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன். அளவெடுப்பது, வரைவது, பொருள் வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி. கோமதி என்ற பெண் கூப்பிட்டிருந்தார். வங்கி அதிகாரி. கணவர் முரளிக்கு ரயில்வேயில் வேலை. அவர்களோடு கோமதியின் அப்பா சுந்தரம் இருந்தார். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“அப்பா ரூம் பாதி வேலையில நிக்குது மேடம். செஞ்சுக்கிட்டிருந்தவர் இனி வர முடியாதுன்னுட்டாரு. நீங்க முடிச்சுக் குடுக்கணும்” என்றார் கோமதி.

அறையைப் பார்த்தேன். பெரிய வெள்ளை டைல்ஸ், கண்ணாடி போலப் பளபளப்பு. ஒரு சுவர் முழுக்க வார்ட்ரோப், அதன் நகரும் கதவுகள் இரண்டிலும் மேலிருந்து கீழ்வரை நிலைக்கண்ணாடி. வடக்குப் பார்த்த பால்கனி, அகலமான கண்ணாடிக் கதவு. கட்டில் பால்கனிக் கதவை ஒட்டிப் போட்டிருந்தது. மேலே சீலிங் வேலை மட்டும் பாதியில் நின்றிருந்தது. குனிந்து டைல்ஸைத் தட்டிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் அடியில் சிமென்ட் பிடிக்காத பொள்ளல் சத்தம் இல்லை. முன்னால் செய்தவர் கைதேர்ந்தவர். வேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

“அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனாரு?” என்று கேட்டேன்.

கோமதி முரளியைப் பார்த்தார். முரளி தரையைப் பார்த்தார். பிறகு கோமதியே சொன்னார்.

“அப்பா வேலைக்காரங்களை விரட்டிட்டாரு. ரூமுக்குள்ள யாரோ நிக்கறாங்க, அவங்களைக் கூட்டிட்டு வந்தது நீங்கதான்னு சண்டை. இப்ப அவர் ராத்திரியில இங்க படுக்கறதே இல்லை. வாசல்ல செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கறாரு. வேலை செய்யற அம்மா இந்த ரூமைக் கூட்ட மாட்டேன்னுட்டாங்க. காத்து கருப்பு இருக்குன்னு சொல்லி நின்னுட்டாங்க.”

“எங்க அம்மா ஊர்லேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து தாயத்து கட்டலாம்னு சொல்றாங்க” என்றார் முரளி. சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்பட்டவர் போல, “நீங்க வாஸ்து பாப்பீங்களா மேடம்?” என்று கேட்டார்.

அந்த அறைக்கு அதற்குள் இத்தனை பேர் சிபாரிசு செய்யப்பட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வேறு இரண்டு இன்டீரியர்காரர்களும் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் சீலிங்கில் நீல விளக்கு வைத்தால் மனசுக்கு இதமாக இருக்கும் என்றாராம். இன்னொருவர் கட்டிலைத் திசை மாற்றிப் போடச் சொன்னாராம். கோமதி எல்லோரிடமும் கேட்ட அதே கேள்விகளை என்னிடமும் கேட்டார். எத்தனை வீடு செய்திருக்கிறீர்கள், படம் இருக்கிறதா, சீக்கிரம் முடிப்பீர்களா. பேசப் பேச அவருடைய குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அப்பாவையும் அம்மாவையும் வாழ்நாள் முழுக்கச் சின்ன க்வார்ட்டர்ஸிலேயே பார்த்த பெண். அம்மாவுக்குக் கொடுக்க முடியாததை அப்பாவுக்காவது கொடுக்க வேண்டும் என்று வீட்டிலேயே நல்ல அறையை அவருக்கு ஒதுக்கி, ஃபோனில் படம் படமாகப் பார்த்து, ஆசைப்பட்டுச் செய்தது அது.

பெரியவரிடம் தனியாகக் கொஞ்சம் பேசலாமா என்று கேட்டேன்.

அவர் அறை வாசலில் வந்து நின்றார். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. சவரம் செய்த முகம். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் உள்ளே இருந்தேன். “வாங்க ஐயா” என்றேன். அவர் வாசற்படியில் நின்றபடியே வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வலது காலை நீட்டி, பெருவிரலால் தரையை லேசாகத் தொட்டார். தொட்டதும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அதற்கு அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

“அவரை வெளிய போகச் சொல்லுங்கம்மா” என்றார், ரகசியம் பேசுவது போல.

“யாரைங்க ஐயா?”

“அந்தக் கிழவரை. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்காரு. உக்காருங்கன்னாலும் உக்கார மாட்டேங்கறாரு. என்னையே பாக்கறாரு.”

அவர் விரல் நீட்டிய பக்கம் திரும்பினேன். வார்ட்ரோப் கண்ணாடிக்குள் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கிழவர் நின்று, என்னைத் தாண்டி அவரையே விரலால் சுட்டிக்கொண்டிருந்தார். பட்டப்பகல்தான். அடுப்படியில் குக்கர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் என் கையில் மயிர் கூச்செறிந்தது. ஒரு மனிதர் தன் முகத்தையே அந்நியனாகப் பார்த்துப் பயப்படுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கட்டிலிலிருந்து போர்வையை உருவி, கதவுகளின் மேல் விளிம்பில் செருகிக் கண்ணாடியை மூடினேன். அப்போது தோன்றியது அது ஒன்றுதான்.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“போயிட்டாரு” என்றார்.

அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்த கோமதி அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஹாலில் உட்கார்ந்து பேசினோம். அப்பாவை எந்த மருத்துவரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டேன். வயதானால் வரும் மறதிதானே என்று விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மறதிக்கும் நரம்புக்கும் பார்க்கிற மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள், அவர் பார்க்கும்வரை இந்த அறையில் நான் எதையும் தொடமாட்டேன் என்றேன்.

“நீங்க டாக்டரா மேடம்?” என்று கேட்டார் முரளி. கோபமில்லை. களைத்துப்போனவரின் எரிச்சல்.

“இல்லைங்க. அதனாலதான் சொல்றேன்.”

“எங்கப்பாவுக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?” என்றார் கோமதி.

“அப்படிச் சொல்லலைம்மா. அவருக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாம நான் ஒரு ஆணி அடிச்சாலும் அது அவரை என்ன செய்யும்னு எனக்குப் பயமா இருக்கு.”

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு டாக்டரிடம் நேரம் வாங்குகிறேன் என்றார். “ஆனா வேலையை நீங்கதான் செய்யணும். வந்தவங்க எல்லாம் ரூமைப் பாத்தாங்க. நீங்கதான் அவரைப் பாத்தீங்க.”

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு போர்வையைச் செருகியதற்காக என்னை நம்பிவிட்டார்கள். போர்வைக்கு அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. காவிரிப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது அந்த எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நமக்குத் தெரியாத ஒன்றில் நம்மை ஒருவர் முழுமையாக நம்பும்போது பயம் வர வேண்டும். வராவிட்டால் அப்போதுதான் ஆபத்து.

ஆடி மாதம் அது. மேட்டூர் அணை நிரம்பி, முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு. அந்த வாரம் கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டம். மருத்துவரிடம் போகும் நாளுக்கு முன்பே கோமதி மறுபடி கூப்பிட்டார். போர்வை அடிக்கடி நழுவி விழுகிறது, அந்தக் கண்ணாடிகளை மட்டுமாவது கழற்றிவிடலாம், வந்து பாருங்கள் என்றார். கழற்றுவதால் கெடுதல் வராது என்று நினைத்துப் போனேன்.

போன நேரம் பிற்பகல். முரளி வேலைக்குப் போயிருந்தார். கோமதி விடுப்பில் இருந்தார். “கண்ணாடியை மூடினதுக்கப்புறம் அப்பா உள்ள போக ஆரம்பிச்சுட்டாரு மேடம். இப்ப கூட கட்டில்லதான் உக்காந்திருக்காரு” என்றார். அவர் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெளிவைப் பார்த்தேன். எனக்குக் காபி எடுக்க உள்ளே போனார்.

அப்போதுதான் கீழே தெருவில் அறிவிப்பு ஆட்டோ வந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் வரத்து அதிகரித்துள்ளது, கரையோரம் உள்ள பொதுமக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. தண்ணீர் திறக்கும்போதெல்லாம் சொல்வதுதானே. ஆட்டோ திரும்பி வந்து இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனது.

அறைக்குள்ளிருந்து ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. நாற்காலி.

நானும் கோமதியும் ஒன்றாக வாசலுக்கு ஓடினோம். கட்டிலில் அவர் இல்லை. கட்டிலிலிருந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பால்கனியில் கிடந்த நாற்காலிமேல் கால் வைத்து, அங்கிருந்து பால்கனியின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறியிருந்தார். குதிரையில் உட்காருவது போல, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவருக்குப் பின்னால் மூன்று மாடி ஆழம். அதற்கு அப்பால் ஆறு.

“அப்பா” என்று கோமதி ஓர் அடி எடுத்து வைத்தார்.

“வராத சரசு. வராத. இழுத்துரும்” என்று மகளை வேறு பெயரில் கூப்பிட்டுக் கத்தினார். கத்திக்கொண்டே ஒரு கையைச் சுவரிலிருந்து எடுத்து, மகளைத் தடுப்பது போல நீட்டினார். உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்தது.

கோமதி நின்றார். அவரும் சாய்வதை நிறுத்தினார். கோமதி மறுபடி ஓர் அடி வைத்தார். அவர் மறுபடி கையை எடுத்தார்.

நான் கோமதியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். “விடுங்க, விடுங்க” என்று திமிறினார். அவர் காதருகே, “நீங்க உள்ள போகப் போகத்தான் அவர் வெளிய சாயறாரு” என்றேன். அவர் திமிறுவதை விட்டார்.

தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதா, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதா? அவர்கள் வந்து சேரும்வரை அந்த ஒரு கை தாங்குமா? கோமதி ஃபோனை என் கையில் திணித்தார். எனக்கு எண்ணை அழுத்தக்கூட விரல் வரவில்லை. அந்த நிலையில் நான் செய்தது, அவருடைய கண் எங்கே பார்க்கிறது என்று கவனித்தது மட்டும்தான். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, அவர் பார்ப்பது போலத் தரையைப் பார்த்தேன்.

தண்ணீர் நின்றது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பால்கனி வழியாக வந்த வானம் முழுவதும் அந்த வெள்ளை டைல்ஸில் விழுந்து, அறை முழுக்க ஏரி போல மின்னியது. நடுவில், மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் நிழல் சுழித்துச் சுழித்து ஓடியது. ஆற்றில் சுழி பார்த்திருக்கிறீர்களா? அதேதான். அந்தச் சுழிக்குள்தான் அந்த சரசு காலை வைக்கப் போகிறாள் என்று அவர் கதறிக்கொண்டிருந்தார்.

மின்விசிறியை நிறுத்தினேன். சுழி மெதுவாகி நின்றது. அவர் கத்துவதும் நின்றது. ஆனால் கால் வெளியேதான் இருந்தது.

“வீட்ல ஜமுக்காளம் இருக்கா?” என்று கேட்டேன். கோமதி ஏனென்று கேட்கவில்லை. ஹாலில் திவான்மேல் விரித்திருந்த கனத்த ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு வந்தார். சிவப்பும் கறுப்பும் பட்டை போட்டது. நான் அதைச் சுருட்டி, வாசலிலிருந்து அவர் பக்கமாக உருட்டிவிட்டேன். அது விரிந்துகொண்டே போய்க் கட்டில் காலில் முட்டி நின்றது. மினுமினுப்புக்கு நடுவே பாதை போல ஒரு பட்டை விழுந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அது உதவும் என்று எனக்குத் தெரியாது. துணி உருண்டு வருவதைப் பாம்பு என்று நினைத்து அவர் பின்னால் சாய்ந்திருக்கலாம். கறுப்புப் பட்டைகளைப் பள்ளம் என்று நினைத்திருக்கலாம். பின்னாளில் ஒரு மருத்துவர், அப்படி நினைக்கிறவர்களும் உண்டு என்று என்னிடம் சொன்னார். அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துணியை உருட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தை எந்த அளவிலும் என்னால் சொல்ல முடியாது.

“அது என்னது?” என்றார்.

“மேடுங்க ஐயா. தண்ணி வடிஞ்சிருக்கு.”

“நம்பாதீங்க. திடீர்னு ஏறும்.”

“நான் இறங்கிப் பாக்கறேன். நீங்க சுவரைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. ரெண்டு கையாலயும்.”

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜமுக்காளத்தில் கால் வைத்தேன். அதை விட்டு விலகாமல், மெதுவாக, ஆற்றில் இறங்குகிறவள் போலவே நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலை மட்டுமே பார்த்தார்.

“எவ்வளவு ஆழம்?”

“கணுக்கால் கூட நனையலைங்க.”

“இழுப்பு இருக்கா?”

“இல்லைங்க. நின்ன தண்ணிதான்.”

பால்கனிக் கதவு வரை போய்விட்டேன். கையை நீட்டவில்லை. கை நீட்டினால் அவரும் ஒரு கையை எடுப்பார். பக்கத்தில் போய் நின்று, அவருடைய இடுப்பைச் சுற்றி வேட்டியோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். பின்னாலேயே கோமதி வந்து வெளியே தொங்கிய காலைப் பிடித்தார். இரண்டு பேருமாக அவரை உள்ளே இறக்கினோம். மூன்று பேரும் ஜமுக்காளத்தில் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்தோம். அவர் கோமதியின் தலையைத் தடவிக்கொண்டே, “சரசு நனைஞ்சுட்டாளா?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லைங்க ஐயா” என்றேன்.

சரசு யார் என்று கோமதி பிறகு சொன்னார். தொட்டியத்தில் இருக்கும் அவருடைய அத்தை, சுந்தரத்தின் தங்கை. அன்றே அத்தைக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். சின்ன வயதில் காவிரி கரையை உடைத்துக்கொண்டு வாழைத் தோட்டம் வழியாக வீட்டுக்குள் வந்ததாம். அண்ணன் தங்கையைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி, தண்ணீர் வடிகிறவரை அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதே இல்லை.

சாயங்காலம் முரளி வந்தார். நடந்ததைக் கேட்டதும் வெளிறிப்போனார். நேராகக் கடைக்குப் போய்ப் பெரிய தாழ்ப்பாளும் பூட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அறைக் கதவில் வெளிப்பக்கம் போடச் சொல்லி என்னிடமே நீட்டினார்.

“நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க மேடம். வேற என்ன செய்யறது?”

அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பூட்டை வாங்கிக்கொள்வது எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். அன்று முழுவதும் பயந்துகிடந்த எனக்கு, ஒரு கதவு கெட்டியாகச் சாத்திக்கொண்டால் போதும் என்றுதான் தோன்றியது. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் புகை வந்தால், அவர் விழுந்தால், யார் திறப்பது என்பது ஒருபுறம். அதைவிட எனக்கு முன்னால் நின்றது வேறு.

“பால்கனியைப் பூட்டுங்க. இன்னைக்கே பூட்டுங்க. ஆனா ரூமைப் பூட்டினா, அவரைத் தண்ணிக்குள்ள விட்டுப் பூட்டின மாதிரி” என்றேன்.

முரளி பூட்டோடு பால்கனிக் கதவை நோக்கி நடந்தார். அன்று இரவு அவர் மாமனாரை ஹாலில் படுக்க வைத்து, பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டதாகக் கோமதி சொன்னார்.

மருத்துவர் பார்த்தார். நோய்க்குப் பெயர் சொன்னார். குணமாகாது, பயத்தைக் குறைக்கலாம், மெதுவாக்கலாம் என்றார். வீட்டை மாற்றியமைக்க நீங்கள் தேட வேண்டியது இன்டீரியர்காரரை மட்டுமல்ல, இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குள் எப்படி நடமாடுகிறார்கள் என்று படித்த தெரபிஸ்ட் ஒருவரையும்தான் என்று சொல்லி, ஒரு பெண்மணியை அனுப்பிவைத்தார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். வந்ததும் அறையைப் பார்க்கவில்லை. பெரியவரோடு உட்கார்ந்து காபி குடித்தார். பெரியவர் எழுந்து பாத்ரூம் போய்த் திரும்பிவரும்வரை பின்னாலேயே நடந்தார். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே கையை ஊன்றுகிறார், எங்கே கண்ணை மூடிக்கொள்கிறார் என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினார்.

அந்த வேலையில் நான் அவர் சொன்னதைச் செய்கிறவள். எனக்கு அதில் குறைவாகத் தோன்றவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. மினுமினுப்பில்லாத, பட்டையும் பூவும் இல்லாத மண் நிறத் தரை, வாசல் முதல் பாத்ரூம் வரை ஒரே நிறம். கண்ணாடிகளை எடுத்துவிட்டு மரப் பலகை. பால்கனிக்குக் கம்பி. நிழல் விழாத விளக்கு. பாத்ரூம் கதவுக்கு மட்டும் தனியாகத் தெரிகிற நிறம். படம் எடுத்துப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத அறை. என் வேலைகளிலேயே அதிகம் பயந்து செய்தது அதுதான். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவரை நடக்க விட்டுப் பார்த்தோம்.

உங்களைத் தேடி வருகிறவர்களுக்கு நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தெரிந்துகொள்வது பெரிய கஷ்டமில்லை. நான்கு பேரை விசாரித்தால் தெரிந்துவிடும். தங்களுக்கு எந்த மாதிரி ஆள் தேவை என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. கோமதிக்குத் தெரியவில்லை. முன்னால் செய்தவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரிடம் கேட்டதை அவர் அழகாகவே செய்துகொடுத்தார். ஆகவே, அதை அவர்களுக்குச் சொல்லவேண்டிய பொறுப்பு நம்மிடம்தான் வந்து நிற்கிறது. அந்த வீட்டில் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் சொல்வார்கள். பதில் உங்களுக்கு எட்டாததாக இருந்தால், எட்டுகிறவரைக் காட்டிவிடுங்கள். வேலை கைவிட்டுப் போகலாம். எனக்கும் சில போயிருக்கின்றன.

வேலை முடிந்து சில நாட்கள் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில் கோமதி ஃபோன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“என்னாச்சும்மா?”

“ஒண்ணும் ஆகலை மேடம். அப்பா அவர் ரூம்ல தூங்கறாரு. சாப்பிட்டுட்டு அவரா போய்ப் படுத்தாரு.”

“நல்லதுதானே.”

“ரெண்டு தடவை மூச்சு வருதான்னு போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். வீடு இவ்வளவு அமைதியா இருந்து ரொம்ப நாளாச்சா, அதுவும் பயமா இருக்கு. யார்கிட்டயாவது பேசணும் போல இருந்துச்சு.”

கதவைத் திறந்தே வைத்துவிட்டு நீங்களும் கொஞ்சம் படுங்கள் என்றேன். சரி என்றார். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

“எந்திரிச்சுட்டாரு மேடம். வெச்சுடறேன்” என்றார். அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் ஃபோனை அணைக்க மறந்துவிட்டிருந்தார். காபி வேணுமா அப்பா என்று அவர் கேட்பதையும், அதற்குப் பெரியவர் வேணும் என்று சொல்வதையும் கேட்ட பிறகுதான் நான் அணைத்தேன்.